ஜினெட்டின் இடது கை

கெண்ட் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம் வாங்கிக்கொண்டு நான் ஊர் திரும்பிய கோடையில், ஊர் எனக்குக் கொடுத்த முதல் வேலை ஒரு சிலேட்டும் ஒரு துண்டு சாக்பீஸும். எங்கள் குடும்பத்தில் பட்டம் என்ற ஒன்றைத் தொட்ட முதல் ஆள் நான். அப்பா அதற்குச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டியிருந்தார். பன்றித் தீவனம் இறக்க வரும் லாரிக்காரர் உட்பட யார் வந்தாலும் காபி ஊற்றி அதற்கு எதிரே உட்காரவைப்பார். அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவர் மார்னிக்ஸ். கசாப்புக் கடைக்காரர். சுற்றுவட்டாரத்துத் திருவிழாக்களில் சைக்கிள் பந்தயம் நடத்துபவரும் அவர்தான்.

“கணக்குதானே படிச்சே? ரெண்டு நேரத்தைக் கழிக்கத் தெரியுமில்ல?” என்றார்.

“தெரியும்.”

“உன் எழுத்து மத்தவங்களுக்குப் புரியுமா?”

“புரியும்.”

“போதும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சர்ச்சுக்குப் பின்னாடி வந்துடு. சிலேட்டு புடிக்கிறவனுக்கு முதுகு புடிச்சுக்கிச்சு.”

பட்டம் இவ்வளவு சீக்கிரம் பயன்பட ஆரம்பித்துவிட்டதே என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பழைய, கனமான மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. அதன்மேல் ஹெல்மெட்டோடு ஒரு ஆள் உட்கார்ந்து, இடது கையுறையின் ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்து மாட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தூக்கிய பிறகுதான் பெண் என்று தெரிந்தது. என் அம்மாவைவிட மூத்தவர்.

“நீதான் கணக்கு புரொஃபசரா? ஏறு. வளைவுல நான் சாயுற பக்கம் நீயும் சாயி. பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாய்ஞ்சே, ரெண்டு பேரும் பீட்ரூட் வயல்ல கெடப்போம். என் தோளைப் புடிக்காத. வண்டியைப் புடி.”

ஜினெட் வெர்ஹெல்ஸ்ட்டை நான் சந்தித்தது அப்படித்தான்.

வேலை சுலபம்தான். பந்தயத்தில் நாலைந்து பேர் கூட்டத்தைப் பிரிந்து முன்னால் போய்விடுவார்கள். அவர்களுக்கும் பின்னால் வரும் கூட்டத்துக்கும் எவ்வளவு நேர இடைவெளி என்பதைச் சிலேட்டில் எழுதி, வண்டியின் பின்னிருக்கையில் திரும்பி உட்கார்ந்து காட்ட வேண்டும். முதலில் கூட்டத்துக்கு, பிறகு முன்னால் போகிறவர்களுக்கு. எழுதுவது என் வேலை. அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது ஜினெட்டின் வேலை. எது கஷ்டம் என்று இரண்டாவது வாரமே எனக்குப் புரிந்துவிட்டது.

சைக்கிள்காரன் எதிர்காற்றில் போகிற வேகம் மோட்டார் சைக்கிளுக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் கியரில் உறுமும், இரண்டாவதில் திணறும். நடுவில் வைத்திருக்க வேண்டுமென்றால் கிளட்சைப் பாதி பிடித்தபடியே போக வேண்டும். விட்டால் பாயும், முழுதாகப் பிடித்தால் நின்றுவிடும், பின்னால் வருகிறவன் முதுகில் வந்து மோதுவான். எங்கள் பக்கத்தில் காற்று இல்லாத நாள் கிடையாது. சாலையும் காங்கிரீட் பலகைகளை அடுக்கிப் போட்டது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு குத்து. அந்தக் குத்து ஹேண்டில் வழியாக ஏறி மணிக்கட்டில் வந்து உட்காரும். பந்தயம் முடியும்வரை அவருடைய இடது கை அந்த லிவரைப் பாதி பிடித்த நிலையிலேயே இருக்கும்.

வாரநாட்களில் அந்தக் கைக்கு வேறு வேலை. உறைந்த காய்கறித் தொழிற்சாலையில் பெல்ட்டுக்கு முன்னால் நின்று, ஓடிவரும் பீன்ஸில் காம்பையும் கல்லையும் பொறுக்கி எடுப்பது. விடிகாலை ஷிப்ட்டுக்கு அங்கே பஸ் கிடையாது, கார் வாங்க வசதியில்லை. அதனால்தான் சின்ன வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஒரு திருவிழாவில் ஓட்டுநர் ஒருவர் குடித்துவிட்டு வந்ததால், உருளைக்கிழங்கு வறுவல் கடையில் வரிசையில் நின்றிருந்த ஜினெட்டை மார்னிக்ஸ் கையோடு இழுத்துக்கொண்டு போனாராம். அன்றிலிருந்து பந்தயத்துக்கு முன்னால் போகும் இந்த முன்வண்டி அவருடையதுதான். கணவர் எப்போதோ வேறு ஒருத்தியோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். மகள் ஆன்ட்வெர்ப்பில் இருக்கிறாள், போன் செய்வாள்.

“சலிப்பா இல்லையா? வாரம் பூரா நின்னுட்டு, ஞாயித்துக்கிழமையும் இப்படி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“சலிப்பு இல்லாம? ஆனா புரொஃபசர், வாரம் பூரா பீன்ஸு எனக்கு முன்னால போகுது. ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் நான் முன்னால போறேன்.”

அவர் கையைப் பற்றி எனக்குத் தெரியவந்தது ஹெல்மெட் வாரால். ஒரு பந்தயம் முடிந்ததும் தாடைக்குக் கீழே வாரைக் கழற்ற முடியாமல் தடவிக்கொண்டே இருந்தார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் கொக்கியைத் தேடின, கிடைக்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

“தம்பி, இதைக் கொஞ்சம் கழட்டு. தூங்கிடுச்சு.”

“யாரு?”

“கைதான்டா.”

கழற்றினேன். “யார்கிட்டயும் சொல்லாத” என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நடுவரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது வண்டி ஓட்டும் ஃபிராங்கி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். பெரிய வயிறு, பெரிய குரல். “ஜினெட், உன் கைக்கு அந்த வண்டி பெருசு. தள்ளுவண்டி ஒண்ணு பாக்கட்டா?” என்று வாராவாரம் கேட்பார். “உன் வயித்துக்கு மொதல்ல ஒண்ணு பாரு, ஏத்திட்டுப் போக” என்று ஜினெட் வாராவாரம் சொல்வார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் முன்வண்டிக்கு ஃபிராங்கி எப்போதிலிருந்து காத்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஜினெட் கையோடு போராடினார். இரவில் கைவலி எழுப்பிவிடும், கட்டிலுக்கு வெளியே கையைத் தொங்கப்போட்டால்தான் அடங்கும் என்றார். ஹேண்டிலுக்குத் தடித்த கிரிப் போட்டால் அதிர்வு குறையும் என்று எங்கோ படித்துவிட்டு நான்தான் வாங்கிக்கொடுத்தேன். வலி கூடிவிட்டது. அவர் கை சின்னது. தடித்ததைப் பிடிக்க விரல்கள் இன்னும் விரிய வேண்டியிருந்தது. கழற்றிவிட்டு மெல்லியதைப் போட்டோம். கிளட்ச் லிவரைக் கொஞ்சம் கீழ்ப்பக்கமாகத் திருப்பி, முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே கோடாக வரும்படி வைத்தோம். அது உதவியது. கேபிளை மாற்றி எண்ணெய் விட்டோம், லிவர் இளகியது. உடம்பின் பாரத்தைக் கைமேல் போடாமல் முழங்காலால் பெட்ரோல் டாங்கை இறுக்கி உட்காரப் பழகினார். “இந்த வயசுல டாங்கைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் செய்தார்.

வசந்தத்தில் பந்தயங்கள் மறுபடி தொடங்கியபோது, மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைக் கழற்ற மறந்து ஒருநாள் திருவிழாவின் பீர்ப் பந்தலுக்கு வந்துவிட்டார். தொழிற்சாலையில் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லிச் சமாளித்தார். உடனே பந்தலே டாக்டராகிவிட்டது. ஒருவர் செம்பு வளையல் என்றார். இன்னொருவர் முட்டைக்கோஸ் இலையைச் சுற்றச் சொன்னார்.

“நாள் பூரா காய்கறியோடதான் நிக்கிறேன். அதையே கையில வேற கட்டணுமா?” என்றார் ஜினெட்.

உண்மையான டாக்டர் வேறு சொல்லியிருந்தார். மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறது. சின்ன ஆபரேஷன்தான், ஆனால் பல வாரங்களுக்கு வண்டியைத் தொடக்கூடாது. தள்ளிப்போட்டால் விரலில் பலம் திரும்பாமலே போகலாம்.

“செஞ்சுக்கோங்களேன்” என்றேன்.

“சீசன் முடியட்டும்.”

“போன சீசன்லயும் டாக்டர்கிட்ட இதையேதான் சொன்னதா நீங்களே சொன்னீங்க.”

“நான் இறங்கினா ஃபிராங்கி ஏறுவான். ஏறினவன் இறங்குவானா? மார்னிக்ஸ் நல்லவன்தான், ஆனா நல்லா ஓடுற வண்டியில ஆளை மாத்த மாட்டான். எனக்கும் அப்படித்தானே இடம் கெடைச்சுது.”



அடுத்த கோடையில் வலியைவிட மரத்துப்போவதுதான் தொல்லையாக இருந்தது. நேரான சாலை வந்து, வண்டி கியரில் ஒழுங்காக ஓடும்போது, ஜினெட் இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து, தொடைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு உதறுவார். ரத்தம் திரும்பி வரும்போது ஊசி குத்துவதுபோல் இருக்கும் என்பார். பின்னால் யாரும் நெருக்கமாக இல்லாதபோதுதான் செய்வார்.

ஜூலையில் ஒரு பந்தயம். காலையிலிருந்து தூறல். நான்கு பேர் பிரிந்து எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். நான் சிலேட்டைக் காட்டி முடித்து முன்பக்கம் திரும்பி, துணியால் எண்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கொஞ்சம் வேகம் கூட்டி எங்களை நெருங்கியதை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. ஜினெட்டின் கை கீழே இறங்கியது. இரண்டு முறை உதறினார்.

எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுகிற எவனுக்கும், நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும் சைகை அது. முன்னால் போகிறவன் இடது கையைத் தாழ்த்தி ஆட்டினால் இடப்பக்கம் குழி. யோசிக்க மாட்டார்கள், உடம்பே திரும்பிவிடும். முதல் ஆள் வலது பக்கம் வெட்டினான், இரண்டாமவன் பின்னாலேயே போனான். மூன்றாவது ஆளுக்கு வலப்பக்கத்தில் சாலை மிச்சமில்லை. ஈரக் காங்கிரீட்டின் விளிம்பிலிருந்து சக்கரம் நழுவி, புல்லில் இறங்கி, வாய்க்காலுக்குள் போனான்.

சத்தம் கேட்டு நான் திரும்பியபோது, தொட்டால் அரிக்கும் நெட்டில் செடிகளுக்கு நடுவில் மேலே பார்த்தபடி ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

பையன் பெயர் லாண்டர். இருபது வயது. கழுத்தெலும்பு உடைந்திருந்தது.

பந்தலில் அன்று மாலை பேச்செல்லாம் குழியைப் பற்றித்தான்.

“நல்லவேளை ஜினெட் பாத்தா. இல்லேன்னா நாலு பேரும் போயிருப்பானுங்க.”

“அந்த ரோட்டைப் பத்தி நான் எப்பவே சொன்னேன்.”

“குழி எவ்வளவு பெருசு ஜினெட்?”

“நான் பாக்கல” என்றார் ஜினெட்.

“பாரு, எவ்வளவு அடக்கமா சொல்றா!” என்று ஒருவர் அவர் முன்னால் பீரை வைத்தார். ஜினெட் வலது கையால் அதை எடுத்தார், குடிக்கவில்லை. ஃபிராங்கிகூட அன்று தள்ளுவண்டியைப் பற்றிப் பேசவில்லை.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வீடு திரும்பும்போது, “நாளைக்கு ஆறு மணி ஷிப்ட்டு” என்றார். 

அடுத்த வாரம் லாண்டர் வந்தான். கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். பாலில் வெந்த அரிசியை நிரப்பி அவன் அம்மா சுட்ட டார்ட் ஒன்று மறு கையில் இருந்தது.

“நீங்க கை காட்டலேன்னா மூஞ்சி போயிருக்கும், மேடம். எலும்போட போச்சு. அம்மா குடுக்கச் சொன்னாங்க.”

ஜினெட் டார்ட்டை வாங்கிக்கொண்டார். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்ப மறுபடி ஓட்டுவே?” என்றார்.

“இந்த சீசன் போச்சு. பெரிய டீம்ல எடுக்குறதாப் பேசிட்டு இருந்தாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. பரவால்ல.”

பரவாயில்லை என்பது அவன் குரலில் இல்லை.

டார்ட்டை அவர் தொடவே இல்லை. தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வரவிருந்தது. அதனால் காரியங்கள் வேகமாக நடந்தன. சாலைப் பொறுப்பில் இருந்த கவுன்சிலர் பந்தலுக்கே வந்து, இனி ஒரு சைக்கிள்காரன்கூட அங்கே விழமாட்டான் என்று வாக்குக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு வேறொரு ஊர்ப் பந்தயத்துக்கு அந்த வழியாகப் போனோம். ஜினெட் திடீரென்று வண்டியை ஓரம் கட்டினார்.

சாம்பல் நிறக் காங்கிரீட்டின் இடது பாதியில், புத்தம் புதிதாக, கறுப்பாக ஒரு தார் ஒட்டு. தட்டுப்போல வட்டம். வேலைக்கு வந்தவர்கள் குழியைத் தேடியிருக்க வேண்டும், கிடைத்திருக்காது. வெறுங்கையோடு திரும்ப முடியாது என்று இரண்டு பலகைகளின் இணைப்பில் இருந்த ஒரு மயிரிழை விரிசல்மேல் தாரை ஊற்றி உருட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சாலை மட்டத்தைவிட அது கொஞ்சம் மேடாக வேறு இருந்தது.

ஜினெட் ஹெல்மெட்டோடு அதன் பக்கத்தில் போய் நின்றார். காலால் தட்டிப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் அந்தச் சிரிப்பில் தெம்பே இல்லை.

“எவ்வளவு வட்டமா போட்டிருக்கான் பாரு, புரொஃபசர். நான் கையை ஆட்டினா குழியே மொளைக்குது.”

“போலாமா?” என்றேன்.

“இந்த மேட்டுல ஒருத்தன் விழுவான். பாத்துக்க.”

அன்று பந்தயம் முடிந்ததும் நேராக மார்னிக்ஸிடம் போனார். பந்தயக்காரர்களின் எண் துணிகளைத் திரும்ப வாங்கி அடுக்கும் சின்ன அறையில் அவர் இருந்தார். ஃபிராங்கி அங்கே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். ஜினெட் அவரை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“மார்னிக்ஸ், அந்த ரோட்டுல குழி கெடையாது.”

“அதான் ரொப்பிட்டாங்களே.”

“ரொப்புறதுக்கு முன்னாடியும் கெடையாது. எனக்குக் கை மரத்துப்போச்சு. உதறினேன். பசங்க அதைப் பாத்துத் திரும்பிட்டாங்க.”

மார்னிக்ஸ் கையிலிருந்த துணிகளைக் கீழே வைத்தார். கதவைப் பார்த்தார். எழுந்துபோய்ச் சாத்தினார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“இப்ப உனக்கு.”

“சரி. அப்ப அப்படியே இருக்கட்டும். பையனுக்கு இன்ஷூரன்ஸ் வருது. ரோடும் போட்டாச்சு. நீ இப்ப போய் இதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது? சீசன் முடியட்டும், ஜினெட். எனக்கு ஆள் இல்ல.”

“மழையில, அந்த வேகத்துல, ரோட்டைப் பாக்காம என் கையைப் பாத்துத் திரும்புறானுங்க. என் கை இப்ப பொய் சொல்லுது. அதை முன்னால வெச்சுக்கிட்டு எப்படி ஓட்டுவேன்?”

“ஒரு தடவைதானே...”

“நேத்து காபிக் கோப்பையைக் கீழே போட்டேன். முந்தாநாள் சாவியை. ஒரு தடவையா?”

 ஃபிராங்கி மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

“கட்டைவிரலும் பக்கத்து ரெண்டுமா?” என்றார்.

ஜினெட் திரும்பினார். “உனக்கெப்படித் தெரியும்?”

“எனக்கு வலது கை. ஆக்ஸிலரேட்டர் கை. ரொம்ப வருஷமா.” சாண்ட்விச்சை மடியில் வைத்துவிட்டு விரல்களை மடக்கிக் காட்டினார். சுண்டுவிரல் மட்டும் ஒழுங்காக மடங்கியது. “எல்லாருக்கும் இருக்கு, ஜினெட். ரேடியோவுல பந்தயச் சேதி சொல்ற வண்டியை ஓட்டுறானே, அவனுக்கும். நீ என்னமோ உலகத்துல இல்லாததைச் சொல்ற மாதிரி...”

“உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?”

“பைத்தியமா? சாவியைப் புடுங்கி வெச்சிடுவா.”

ஜினெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மார்னிக்ஸுக்கு வரவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு, “என் வண்டிக்காரனுங்கள்ல ஒருத்தனுக்குக்கூட கை இல்லையாடா?” என்றார்.

“அப்ப நீயும் இறங்கு” என்றார் ஜினெட் ஃபிராங்கியிடம்.

ஃபிராங்கி சாண்ட்விச்சை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். “நான் எதுக்கு இறங்கணும்? நான் உதறுறதில்ல. தேய்ச்சுக்குவேன்.”

ஜினெட் கையிலிருந்த பட்டையை, முன்வண்டி ஓட்டுநர் மேல்கையில் மாட்டும் மஞ்சள் பட்டையை, கழற்றப் பார்த்தார். அதுவும் வரவில்லை. நான் போய்க் கழற்றினேன். அதை எண் துணிகளின்மேல் வைத்தார். மார்னிக்ஸ் அதைத் திருப்பி நீட்டுவார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். மார்னிக்ஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டவில்லை.

லாண்டரிடம் அவரே போய்ச் சொன்னார். நான் கூடப் போகவில்லை. என்ன சொன்னான் என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. கதவைச் சாத்திட்டான். அவன் அம்மா ஜன்னல்லேர்ந்து பாத்துட்டு நின்னா.” கொஞ்சம் நடந்துவிட்டு, “சாத்தட்டும்” என்றார்.

செப்டம்பரில் ஆபரேஷன் நடந்தது. இரவில் கை எழுப்புவது நின்றுவிட்டது. கட்டைவிரலின் பலம் பாதிதான் திரும்பியிருக்கிறது. இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றாராம் டாக்டர். முன்வண்டியை இப்போது ஃபிராங்கி ஓட்டுகிறார். சிலேட்டோடு நான் அவருக்குப் பின்னால் உட்காருகிறேன். வாரநாட்களில் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன்.

ஜினெட்டுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. தொழிற்சாலையில் பெல்ட்டிலிருந்து எடுத்து லேபிள் ஒட்டும் மெஷினுக்கு மாற்றியிருக்கிறார்கள். கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர் ஒன்றில் வேலைக்குப் போகிறார். பந்தய நாட்களில், பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு எதிரே உள்ள திருப்பத்தில், மஞ்சள் கொடியை வலது கையில் பிடித்துக்கொண்டு நின்று கார்களை நிறுத்துகிறார்.